‘நீ இரு’ என்று சொல்லாமல்

அன்புள்ள வாலுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். மேல் மாடி அத்தையைக் கேட்டால் இரண்டரைப் பேர் என்றுதான் சொல்வார், தன் தம்பியான உன் அப்பாவை அவர் இன்னும் முழு ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது. மீசை வைத்த ஆளை வாலு என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லிப் போன தடவையே கேட்டாய். முயன்று பார்த்தேன். உன் முழுப்பெயரை எழுதினால் ஏதோ அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவதுபோல் கை நின்றுவிடுகிறது, அதனால் இந்த ஒரு கடிதத்துக்குப் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு வருகிறேன், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் படிக்கப் போ அம்மா என்றாய். சரி, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய், கோபமில்லை. அப்பா பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அது மட்டுமில்லை, போனில் நீ அவசரப்படுவாய், நான் ஊமையாகிவிடுவேன், நம் இருவருக்கும் அதுதான் வழக்கம். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. மாதக் கடைசியில் ராஜினாமா கொடுக்கப் போவதாகச் சொன்னாய், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்.

முதலில் என் படிப்பு விஷயம். எனக்கு இடம் கிடைத்தது என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். துறைத்தலைவி என்னைவிட வயதில் சின்னவர், அதை நானும் கவனித்தேன், அவரும் கவனித்தார், இருவரும் கவனிக்காததுபோல் இருந்தோம். இன்னொருவர் காதில் கருவி மாட்டிய வயதான பேராசிரியர். மூன்றாமவர் புள்ளியியல்காரர், அவருடைய முகத்துக்குச் சிரிப்பே பழக்கமில்லை என்று தோன்றியது. இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சை பார்த்துவிட்டு இப்போது எதற்கு முனைவர் பட்டத்துக்கு வருகிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான். கை விளங்காதவர்களுக்குச் சட்டை போடவும், கரண்டி பிடிக்கவும், தலை சீவவும் மறுபடி பழக்குவது எங்கள் வேலை, எங்களிடம் இருக்கும்வரை பழகிவிடுகிறார்கள், வீட்டுக்குப் போனதும் விட்டுவிடுகிறார்கள், அடுத்த முறை பார்க்கும்போது நாங்கள் கொடுத்த தடித்த பிடிக் கரண்டி பைக்குள் புதுசாக இருக்கிறது, ஊட்டிவிட்டுக் கூட்டி வருகிறார்கள், அது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். ஏன் என்று நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றார் துறைத்தலைவி. எல்லா வீட்டிலும் ஒரே வசனம்தான் மேடம், ‘நீ இரு, நான் பண்றேன்’, என்றேன்.

காதுக்கருவிப் பேராசிரியர் “இத வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எழுதணும்னா எப்படி எழுதுவீங்க, இங்கிலீஷ்ல சொல்லுங்க பாப்போம்” என்றார். எனக்கு வரவில்லை. யோசித்துப் பார், நம் ‘இரு’வுக்குள் எத்தனை இருக்கிறது. கொஞ்சம் பொறு என்பதும் அதுதான், உட்கார் என்பதும் அதுதான், ஒன்றும் செய்யாதே என்பதும் அதுதான், உயிரோடு இருந்தால் போதும் என்பதும் அதுதான். இத்தனையும் சேர்த்துப் பாசமாகச் சொல்ல அந்த மொழியில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, கடைசியில் வாயில் வந்ததை ‘யூ பி’ என்று சொல்லிவைத்தேன். பள்ளிக்கூடமாக இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்கள். முதலில் சிரித்தது அந்தப் புள்ளியியல்காரர்தான். சிரித்து முடித்துவிட்டு, “அதெல்லாம் சரிங்க, ‘நீ இரு’வ எப்படி அளப்பீங்க?” என்று பிடித்துக்கொண்டார். நோயாளி தடுமாற ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்காரர் அந்த வார்த்தையைச் சொல்லும்வரை எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று பார்க்கலாம் என்றேன். என்ன கருவி என்றார். கடிகாரம் சார் என்றேன். பேராசிரியர் “எங்க வீட்டுல அளந்தா பூஜ்யம்தான் வரும், நான் கைய நீட்டறதுக்கு முன்னாடியே என் மனைவி சொல்லிடுவா” என்றார். உங்கள் வீட்டில் யார் சொல்வது என்று துறைத்தலைவி என்னைக் கேட்டார். அத்தனை பேரும் என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். எனக்கு இடம் கிடைத்தது அந்தப் பதிலுக்கா, கடிகாரத்துக்கா, யூ பிக்கா என்று இன்றுவரை தெரியாது.

செய்தி தெருவுக்குப் போனது அத்தை மூலமாக. முனைவர் என்று நான் சொன்னதை அவர் டாக்டர் என்று எடுத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டி டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு வங்கிக்காரர் என்னை வாசலில் நிறுத்தி, நெஞ்சு எரிச்சலுக்கு எது நல்லது என்று கேட்டார். மருந்து எழுதும் டாக்டர் இல்லை, தொழில்வழிச் சிகிச்சையில் ஆராய்ச்சி செய்கிற டாக்டர் என்று விளக்கினேன். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற இஸ்திரிக்காரம்மா, “தொழில் சிகிச்சையா? அப்போ எங்க மருமகனுக்குக் குடுங்கம்மா, எந்தத் தொழில் ஆரம்பிச்சாலும் படுத்துடுது” என்றார். அந்தப் பெயர் வைத்தவரை ஒரு நாள் பார்க்க வேண்டும். நாள் முழுக்க மனிதர் செய்கிற எல்லாச் சின்ன வேலையும் தொழில்தான், பல் தேய்ப்பதும் தொழில்தான் என்று நான் சொன்னதும், “பல்லு தேய்க்கறதுக்கா இத்தன படிப்பு?” என்று கேட்டுவிட்டு நம் வீட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆமாம், பல் தேய்ப்பதற்குத்தான்.

இனி நீ கேட்க நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படிப்பு இந்த ஊரில் இல்லை, ரயிலில் ஒரு பகல் தூரம். மூன்று வருடம் விடுதியில் தங்கி, மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வரலாம். சேருவதற்கு முன் புதியவர்களை ஒரு வாரம் அறிமுக வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். அந்த வாரத்தை நானும் அப்பாவும் ஒத்திகையாக வைத்துக்கொண்டோம். பக்கவாதம் வந்து வலது கை மடங்கிப்போனதிலிருந்து அவர் ஒரு வாரம் தனியாக இருந்ததில்லை. உண்மையில் அரை நாள்கூட இருந்ததில்லை, நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் அத்தை இறங்கி வந்துவிடுவார், வந்ததும் “நீ இருடா”. காபி டம்ளரை எடுக்கப் போனால் “நீ இருடா”, ஜன்னலைச் சாத்தப் போனால் “நீ இருடா”. அப்பா ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார், “எல்லாரும் இரு இருங்கறீங்க, நானும் இருந்துக்கிட்டேதான் இருக்கேன்”. சிரித்துக்கொண்டு சொன்னதால் அத்தையும் சிரித்தார். எங்கள் பிரிவில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வது ஒன்றுதான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நோயாளி பொத்தானோடு மல்லுக்கட்டும்போது பார்த்துக்கொண்டு நிற்கிறவரின் விரல்தான் முதலில் துடிக்கும். இதை அத்தைக்கும் சொல்லிக் கொடுத்தேன். கையைக் கட்டிக்கொண்டார், வாயைக் கட்ட முடியவில்லை. “மேல, இன்னும் மேல, அந்த ஓட்ட இல்லடா, அதுக்கு மேல, ஐயோ நீ இரு”.

அதனால் போகும் முன் அத்தையிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன், அவர் கூப்பிட்டால் மட்டும் இறங்கி வாருங்கள் என்று. “என் தம்பிய நான் பாக்கக் கூடாதா? படிச்சவ நீ, உனக்கு மனசு கல்லு” என்றார். மனசு கல்லா இல்லையா என்பது எனக்கே சில நாள் தெரிவதில்லை, ஆஸ்பத்திரியில் நல்லது என்று நாங்கள் சொல்வது வீட்டு வாசலைத் தாண்டினால் கல்நெஞ்சமாகத்தான் தெரிகிறது. ஆனால் அவர் வார்த்தையைக் காப்பாற்றினார், இறங்கி வரவில்லை, மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காய் நறுக்குவது, துணி மடிப்பது, தூங்குவது எல்லாம் படியிலேயே. மூன்றாம் நாள் உள்ளே ஏதோ உடைந்த சத்தம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவர் உனக்கு அழுதுகொண்டே போனில் சொல்லியிருக்கிறார், தம்பி விழுந்துவிட்டான், கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, நான் கத்துகிறேன், அவன் திறக்கவில்லை என்று. நீ பதறிப்போய் அன்றே முடிவெடுத்துவிட்டாய். இப்போது அப்பா சொன்னதையும் கேள். அத்தை கதவைத் தட்டிக் “கதவ தொறடா!” என்று கத்த, உள்ளேயிருந்து அப்பா, “தட்டுதான் விழுந்துது அக்கா, நான் விழல” என்றிருக்கிறார். திற என்று அவர் மறுபடி தட்ட, “தொறக்க நேரமாகும், தரையெல்லாம் சில்லு, நீ மேல போய் ஒரு காபி குடிச்சிட்டு வா” என்றிருக்கிறார். அத்தை காபி குடிக்கப் போகவில்லை, உனக்கு போன் போட மேலே போனார். திரும்பி வரும்போது கதவு திறந்திருந்தது, சில்லெல்லாம் செய்தித்தாளில் பொட்டலமாக வாசலில் இருந்தது, அப்பா அத்தை வந்து உட்கார ஒரு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தார். இதை ஏன் அத்தை மறுபடி உனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். “அழுது முடிச்சப்புறம் எத சொல்றது” என்றார்.

நான் உனக்கு நல்லதை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. திரும்பி வந்தபோது வீடு நாறியது. வாரம் முழுக்க ஒரே சட்டை. பொத்தானைக் கழற்றினால்தானே மறுபடி போட வேண்டும், அதனால் கழற்றாமலே தலைவழியாக உருவி, தலைவழியாகவே மாட்டிக்கொண்டிருக்கிறார். விளங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்ததை மட்டும் மறக்கவில்லை. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அந்தச் சட்டையை நான் குச்சியால் தூக்கிப்போட வேண்டியிருந்தது. ரொட்டியும் முட்டையும் தவிர வேறு சாப்பிடவில்லை. ஒரு நாள் முன்பு வேலை பார்த்த கார் பயிற்சிப் பள்ளிக்குப் போய்ப் பழைய ஆட்களைப் பார்க்கலாம் என்று கிளம்பி, பேருந்தில் ஏற நேரமானதால் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டாராம். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலம் கழித்தவர், நிறுத்தத்தில் நின்று பேருந்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அன்று முழுக்க விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். இதை எந்த ராகமும் இல்லாமல் சொன்னார். நானும் எந்த ராகமும் இல்லாமல் கேட்டுக்கொண்டேன். அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒரு நிறுத்தம் முன்னால் போய் நின்றால் அங்கே வண்டி வெகுநேரம் நிற்கும் என்றார். அது எனக்குத் தோன்றியிருக்காது.

நீ வரப்போவதை அவருக்கு நான் சொல்லவில்லை, அத்தை சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலை அப்பா சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார், “அவன் லீவு போட்டு வரட்டும், எத்தன நாள் வேணாலும் இருக்கட்டும், எனக்கு சந்தோஷம்தான். வேலைய விட்டுட்டு வரவேணாம்னு சொல்லு. எனக்காக வேலைய விட்டவன் முன்னாடி நான் எப்படி சட்டைய தப்பா போட்டுக்கறது?” நான் பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. ஒருவர் நமக்காகப் பெரிதாக எதையாவது விட்டுக்கொடுத்துவிட்டால் அவர் முன்னால் தட்டை உடைக்க முடியாது, நேரம் எடுத்துக்கொள்ள முடியாது, எரிச்சல் படக்கூட முடியாது. சும்மா உட்கார்ந்திருந்து நன்றியோடு இருக்கத்தான் முடியும். “பயிற்சிக் கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், கால் அது மேலதான் இருக்கும், ஆனா தொட்டதுக்கெல்லாம் அழுத்தினா கத்துக்கறவன் ஸ்டியரிங்லேந்து கைய எடுத்துடுவான், வாலுகிட்ட சொல்லு” என்றும் சொன்னார். சொல்லிவிட்டேன்.

இதில் என் பங்கையும் நேராகவே எழுதிவிடுகிறேன். நீ வந்துவிட்டால் எனக்குச் சௌகரியம், யாரும் மறுக்க முடியாது. பரீட்சைக்குப் படிக்கும்போது இங்கே என்ன நடக்கிறதோ என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஒரு மகனை உட்கார வைத்து ‘நீங்க இருங்கப்பா’ என்று சொல்ல விட்டுவிட்டு, ஊரார் வீட்டுக்குப் போய் அதே வார்த்தையை நான் கடிகாரம் வைத்து அளக்க முடியாது. அப்படி அளந்து வாங்குகிற பட்டம் எனக்கு வேண்டாம். அதைவிட முக்கியமாக, இந்தப் படிப்பு எனக்கே வேண்டும். அப்பாவுக்காக, நோயாளிகளுக்காக என்றெல்லாம் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், உண்மை அதுவல்ல. ஒரு கேள்வி எனக்கு வந்துவிட்டது, அதற்குப் பதில் தெரியாமல் இன்னும் பல வருடம் அதே அறையில் அதே கரண்டியை நீட்டிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. உனக்கும் உன் வேலையில் ஏதாவது ஒரு கேள்வி இருக்கும். லிஃப்ட் ஏன் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது என்று நீ சின்ன வயதிலேயே கேட்டவன், இப்போது அதைச் சரிசெய்யும் கூட்டத்துக்கே உன்னைப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள் என்று போன மாதம்தான் எழுதினாய். அதை விட்டுவிட்டு வந்து இங்கே எங்கள் மூன்று பேருக்கு நடுவில் நிற்காதே.

அப்பா விழமாட்டார் என்று நான் சத்தியம் செய்யவில்லை. விழலாம். நீ இருந்தாலும் விழலாம், நான் இருந்தாலும் விழலாம், பக்கவாதம் வந்து முதல் தடவை விழுந்தது நாம் எல்லாரும் வீட்டில் இருந்தபோதுதான். செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறேன். குளியலறையில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தாயிற்று, காய் நழுவாமல் நறுக்க ஆணி அடித்த பலகை செய்து கொடுத்தாயிற்று, தட்டெல்லாம் உடையாதது வாங்கியாயிற்று. எங்கள் பிரிவில் என்னோடு வேலை பார்ப்பவர் வாரத்தில் ஒரு நாள் வந்து பார்ப்பார், கையைப் பின்னால் கட்டத் தெரிந்தவர். அத்தைக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறேன், நான் இல்லாத நாட்களில் அப்பா சமைப்பதை மாலையில் ஒரு வேளை அவர் சாப்பிட வேண்டும். “தட்டுல என்ன போடறானோ தெரியலியே” என்று பயந்திருக்கிறார். இந்த வீட்டில் அப்பா இன்னொருவருக்குச் செய்கிற வேலையாக அது ஒன்றாவது இருக்கட்டும்.

நேற்று சேர்க்கைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன், ஆஸ்பத்திரியிலும் நீண்ட விடுப்புக்குச் சொல்லிவிட்டேன். யோசிக்கிறேன் என்று உன்னிடம் இழுத்துக்கொண்டிருக்க மாட்டேன். நீ ராஜினாமா கொடுக்காதே. அவசரத்தில் கொடுத்திருந்தால் போய்த் திரும்பக் கேள், வெட்கமாக இருந்தால் அம்மா திட்டினாள் என்று சொல், எந்த ஊர் அதிகாரிக்கும் அது புரியும். விடுமுறைக்கு வா, வந்தால் சட்டை எப்படி இருக்கிறது என்று பார்க்காதே, கார் ஓட்டுவது பற்றி ஏதாவது கேள், பொறுமையில்லாமல் பதில் சொல்வார், அதுதான் அவருடைய நல்ல மனநிலை.

வேலைக்கு நேரத்தில் போ, வேளாவேளைக்குச் சாப்பிடு, மேலே ஏறும் வேலைக்கு முன் பெல்ட்டை நீயே ஒரு முறை இழுத்துப் பார், இன்னொருவர் பார்த்துவிட்டார் என்று விடாதே. நீ எடுக்கும் முடிவில் தைரியமாக இரு, எடுத்த பிறகு அதைப் பற்றிக் கவலைப்படாமலும் இரு. நல்லபடியாக இருப்பாய், என் ஆசி உன்னோடு எப்போதும் உண்டு. அப்பாவும் அத்தையும் ஆசி சொல்லச் சொன்னார்கள், அத்தை கூடவே கொஞ்சம் அழவும் சொன்னார், அதை நான் சேர்க்கவில்லை.

மறக்காமல் ஒன்று. அடுத்த மாதத்திலிருந்து நீ வீட்டுக்கு போன் செய்தால் அப்பாதான் எடுக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைப் பிடித்து, இடது கையால் எடுக்க அவருக்கு நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும். தானாக நின்றுபோனால் மறுபடி அடி. எடுக்கவில்லையே என்று நடுவில் வைத்துவிட்டு அத்தைக்குப் போடாதே. அவர் வந்துகொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா